58 பிள்ளைகள், 2 ஆசிரியர்: எங்கள் ஊர் தொடக்கப்பள்ளி நன்றாக நடக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேட்டவர்: கரையோரத்தாய்

மண்டபத்துக்கும் பெரியபட்டினத்துக்கும் நடுவில் உள்ள ஒரு கடற்கரை ஊர். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி, 1 முதல் 5 வரை 58 பிள்ளைகள். தலைமை ஆசிரியரையும் சேர்த்து இரண்டு பேர்தான். 1, 2, 3 ஒரு அறையில், 4, 5 இன்னொரு அறையில். காலை உணவும் மதிய உணவும் பள்ளியிலேயே. அப்பாமார் கடல் தொழில், அம்மாமாரில் பாதிப்பேர் கடல்பாசி எடுக்கப் போகிறவர்கள்.

என்னைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினராகச் சேர்த்திருக்கிறார்கள். கூட்டத்துக்குப் போனால் கையெழுத்து கேட்கிறார்கள், போட்டுவிட்டு வருகிறேன். ஊரில் பாதிப்பேர் "அங்க ஒண்ணும் சொல்லித்தர்றதில்ல" என்று சொல்லி வேன் வைத்துத் தனியார் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். மீதிப்பேர் "டீச்சர் நல்லவங்க" என்கிறார்கள். இரண்டில் எது சரி என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நான் பத்தாவது வரை படித்தவள். பிள்ளைகள் உண்மையிலேயே படிக்கிறார்களா என்று நானே எப்படிப் பார்ப்பது? பள்ளியில் அவர்கள் நல்லபடியாக இருக்கிறார்களா என்பதை எதை வைத்துச் சொல்வது? டீச்சர்களோடு சண்டை வேண்டாம். வேலை நடக்க வேண்டும், அவ்வளவுதான். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கரும்பலகை

அக்கா, மதிப்பெண் அட்டையைப் பார்ப்பதாலோ "பாடம் முடிஞ்சிருச்சா" என்று கேட்பதாலோ எதுவும் தெரியாது. இதற்கு முன் பார்க்காத நாலு வரியை இந்தப் பிள்ளை தானாகப் படித்து, படித்ததைத் தன் சொல்லில் சொல்லுமா? தொடக்கப்பள்ளியில் மற்றதெல்லாம் இதன்மேல் நிற்கிறது. இதைப் பார்க்கப் பத்தாவது படிப்பு தாராளம். ஒரு பிள்ளைக்கு 6, 7 நிமிடம் ஆகும்.

ஒரு வெள்ளைத்தாளில் பெரிய எழுத்தில் நாலு படியாக எழுதிக்கொள்ளுங்கள். முதல் படி பத்து எழுத்து: ப, ட, ம, க, ல, ள, ழ, ற, ண, ந. அடுத்தது எளிய சொல் ஐந்து: படம், மரம், பால், மீன், நிலா. மூன்றாவது கொம்பு உள்ள சொல் ஐந்து: நெத்திலி, தேங்காய், கொக்கு, சோறு, பௌர்ணமி. கடைசியில் ஒரு பத்தி:

"காலையில் காற்று பலமாக வீசியது. அப்பா கடலுக்குப் போகவில்லை. வலையில் இருந்த கிழிசலைத் தைத்தார். நான் நூலை எடுத்துக் கொடுத்தேன்."

படித்து முடித்ததும் இரண்டு கேள்வி: அப்பா ஏன் கடலுக்குப் போகவில்லை? நூல் எதற்கு? இரண்டுக்கும் விடை வரியில் நேராக எழுதியிருக்காது. காற்றையும் கடலையும் பிள்ளை தானே சேர்த்துப் பார்க்க வேண்டும். நாலு வரியையும் கணீரென்று படித்துவிட்டு இந்தக் கேள்விக்கு விழிக்கிற பிள்ளைக்கு எழுத்து வந்திருக்கிறது, வாசிப்பு இன்னும் வரவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பாடப்புத்தகத்தை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள். கூட்டாகச் சொல்லிச் சொல்லி அது மனப்பாடமாகியிருக்கும். சந்தேகம் இருந்தால் புத்தகத்தில் ஒரு வரியின் நடுவில் விரலை வைத்து, அங்கிருந்து படிக்கச் சொல்லுங்கள். மனப்பாடப் பிள்ளை வரியின் தொடக்கத்துக்குத் திரும்பி ஓடும்.

இனி, எங்கே தடுக்குகிறது என்று கவனியுங்கள். அதுதான் ஆசிரியருக்கு உதவுகிற தகவல்.

'கே' என்று காட்டினால் சில பிள்ளைகள் உதட்டுக்குள் "க, கா, கி, கீ…" என்று எண்ணிக்கொண்டு வந்து சேரும். வரிசையாக ஒப்பித்துப் பழகியதன் விளைவு இது. எழுத்தின் இடம் தெரியும், உருவம் தெரியாது. 'கொக்கு' என்பதை "கெ" என்று தொடங்கி, பின்னால் கால் வந்ததும் நின்றுவிடும் பிள்ளைகளும் உண்டு. நம் எழுத்தில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. 'கொ'வில் குறி இரண்டு பக்கமும் நிற்கிறது. கண் இடமிருந்து வலம் போகும்போது இது குழப்பத்தான் செய்யும், பிள்ளைமேல் தவறில்லை. 247 எழுத்தையும் அட்டவணையாகச் சொல்ல வைப்பது இதற்கு மருந்தாகாது. தெரிந்த ஆறேழு மெய்யை வைத்துக்கொண்டு ஒரு வாரத்துக்கு ஒரே குறியைப் பழக்க வேண்டும். கால் என்றால் பா, மா, கா, டா, லா, வா. அன்றைக்கே அதில் சொல் அமைக்க வேண்டும்: மாலா, பாடம், கால், மாடம். சொல் அமைக்காத எழுத்து இரண்டு நாளில் மறந்துபோகும்.

ல, ள, ழ குழம்பினால் தனியாகக் குறியுங்கள். பேச்சில் இந்த வேறுபாடு தேய்ந்துவிட்ட வீடுகளிலிருந்து வருகிறார்கள். அது எழுத்துப்பிழைக் கணக்கு, 'படிக்கத் தெரியாது' என்ற கணக்கில் வராது. ஒரு நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று கடிகாரத்தையும் வைக்காதீர்கள். 'எடுத்துக்கொண்டிருந்தார்கள்' நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்துக்கு வைக்கும் வேகக் கணக்கு தமிழுக்குப் பொருந்தாது.

என் அளவுகோல்: 1-ம் வகுப்பு முடிவில் இரண்டாம் படி, 2-ம் வகுப்பு முடிவில் மூன்றாம் படி, 3-ம் வகுப்பு முடிவில் பத்தியும் கேள்வியும். 4, 5-ல் இருந்துகொண்டு இன்னும் கொம்பில் நிற்கிற பிள்ளைகள் எத்தனை பேர் என்பதுதான் நீங்கள் கூட்டத்தில் கேட்க வேண்டிய எண். தொடக்க வகுப்புகளுக்கான 'எண்ணும் எழுத்தும்' என்ற அரசுத் திட்டம் 2022 ஜூனில் தொடங்கியபோது அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்ததே இதற்காகத்தான். பிள்ளை எந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் அதன் நிலையிலிருந்து சொல்லித்தர வேண்டும் என்பது அதன் உயிர்நாடி. எல்லாருக்கும் ஒரே பக்கத்தைத் திருப்பச் சொன்னால் திட்டத்தின் பெயர் மட்டும்தான் மிஞ்சும்.

கணக்குக்கு ஒரே ஒரு கழித்தல் போதும்: 43 − 27. விடை 24 என்று வந்தால் பிள்ளை ஒவ்வொரு இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது. கடன் வாங்கத் தெரியவில்லை என்று பொதுவாகச் சொல்வோம். உண்மையில் 43 என்பது நாலு பத்தும் மூன்று ஒன்றும் என்பது மனதில் பதியவில்லை. 'நூற்று ஐந்து' எழுதச் சொல்லுங்கள். 1005 என்று எழுதினாலும் அதே கோளாறுதான். ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாக ரப்பர் வளையத்தில் கட்டி, நாலு கட்டும் மூன்று தனிக்குச்சியும் கையில் கொடுத்து 27 கேளுங்கள். கட்டு ஒன்றை அவிழ்க்க வேண்டும் என்று பிள்ளைக்கே தோன்றும். இரண்டு வாரம் குச்சியோடு செய்துவிட்டு அதன்பிறகு தாளுக்குப் போகலாம். குச்சியைச் சீக்கிரம் பிடுங்கிவிடுவதுதான் பள்ளிகளில் நடக்கும் தவறு.

இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு. உங்கள் பள்ளியின் உண்மையான சுமை இதுதான். ஆசிரியர் ஒரு குழுவோடு இருக்கும் 20 நிமிடத்தில் மற்ற இரண்டு குழுக்களும் என்ன செய்கின்றன என்று பாருங்கள். கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தால் அந்த நேரம் வீண். இணையாக உட்கார்ந்து ஒருவர் படிக்க மற்றவர் விரல் வைத்துப் பார்ப்பது, சொல் அட்டையைப் பிரித்து அடுக்குவது, அரசின் வாசிப்பு இயக்கத்தின் 'நுழை, நட, ஓடு, பற' சிறு புத்தகங்களில் தங்கள் நிலைக்கு உரியதைப் படிப்பது, இவை நடந்தால் இரண்டு ஆசிரியரை வைத்தும் பள்ளி நன்றாக ஓடும். அந்தப் புத்தகங்கள் பீரோவுக்குள் பூட்டியிருக்கின்றனவா, ஓரம் கசங்கிப் பிள்ளைகள் கையில் இருக்கின்றனவா என்பதை ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். கசங்கியிருப்பதே நல்லது.

---

உப்புக்காற்று

படிப்பைப் பற்றி அவர் சொல்லிவிட்டார். நான் தண்ணீர், கழிப்பறை, கட்டடம், சாப்பாடு நாலையும் சொல்கிறேன்.

பள்ளிக்குக் காலை 9 மணிக்குப் போகாதீர்கள், மதியம் 3 மணிக்குப் போங்கள். காலையில் எல்லாக் கழிப்பறையும் கழுவித்தான் இருக்கும். 3 மணிக்கு வாளியில் தண்ணீர் இருக்கிறதா, கோப்பை இருக்கிறதா, தாழ்ப்பாள் பிள்ளை கைக்கு எட்டுகிறதா, உள்ளே இருந்து போட முடிகிறதா என்று பாருங்கள். கழிப்பறை சரியில்லாத பள்ளியில் பிள்ளைகள், அதிலும் பெண் பிள்ளைகள், தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். மதியத்துக்கு மேல் தலைவலி, சோர்வு, நீர்க்கடுப்பு எல்லாம் அதன் தொடர்ச்சி. "மத்தியானம் தூங்கி விழுறான்" என்று டீச்சர் சொன்னால் முதலில் அவன் தண்ணீர் பாட்டில் எவ்வளவு காலியாகியிருக்கிறது என்று பாருங்கள்.

தண்ணீர்க் கணக்கு: குடிக்கவும் கை கழுவவும் ஒரு பிள்ளைக்கு 5 லிட்டர், ஊற்றிவிடும் கழிப்பறைக்கு இன்னும் 3 லிட்டர். 58 பிள்ளைக்கு 464 லிட்டர். 500 லிட்டர் தொட்டி ஒரு நாளைக்குத்தான் வரும். கூட்டுக் குடிநீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் ஊர் என்றால் 1000 லிட்டர் தொட்டி இல்லாமல் முடியாது. குடிநீரையும் கழிப்பறை நீரையும் ஒரே தொட்டியில் கலக்க வேண்டாம். நம் கரையில் ஆழ்துளைத் தண்ணீர் பெரும்பாலும் உவர். கழிப்பறைக்கு அது போதும், ஆனால் இரும்புக் குழாயையும் திருகையும் தின்றுவிடும். பிளாஸ்டிக் குழாய், பிளாஸ்டிக் திருகு போடச் சொல்லுங்கள். குடிநீருக்குக் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை என்பது இந்தியத் தர அளவு. கையடக்க மீட்டரில் அரை நிமிடத்தில் பார்த்துவிடலாம். உப்பு மீட்டர் கிருமியைக் காட்டாது என்பதை மறக்க வேண்டாம். குழாயில் வரும் தண்ணீரில் மிச்சக் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். சோதிக்கும் பெட்டியோடு ஊராட்சித் தொட்டி இயக்குபவரைப் பள்ளிக்கு வரச் சொல்லுங்கள். தொட்டியில் பார்த்தால் போதாது, பிள்ளை குடிக்கும் குழாயில் பார்க்க வேண்டும்.

கை கழுவுவது: ஒரு பிள்ளைக்கு 40 நொடி. 50 பிள்ளை, 5 குழாய் என்றால் ஏழு நிமிடத்தில் முடியும். ஒரே குழாய் என்றால் 33 நிமிடம். சாப்பாட்டு மணிக்கு முன் 33 நிமிடம் யாரும் நிற்கப்போவதில்லை, கழுவாமலே உட்காருவார்கள். இதில் அறிவுரை சொல்லிப் பயனில்லை, குழாய்தான் வேண்டும். ஒரு நீளக் குழாயில் ஐந்து துளைத் திருகு பொருத்துவது பெரிய செலவில்லை. சோப்பை வலைத்துண்டில் போட்டுக் குழாயிலேயே கட்டிவிட்டால் தரையில் விழாது, தொலையாது. வலைக்கா நம் ஊரில் பஞ்சம்.

கட்டடம்: கூரையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். உப்புக்காற்று கான்கிரீட்டுக்குள் இறங்கி உள்கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு இரும்பைவிடப் பருமன் கூடியது, அது உப்பி வெளிக் காரையைத் தள்ளும். கம்பி போகும் திசையிலேயே நேர்க்கோடாக விரிசல், பழுப்புக் கறை, நீளக் கம்பால் தட்டினால் பொத்தென்று ஒலி, இவை மூன்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே அதன் கீழிருந்து பிள்ளைகளை நகர்த்துங்கள். மேலே சிமெண்டு பூசி மறைப்பது ஆபத்து. துரு உள்ளே வளர்ந்துகொண்டேயிருக்கும், அடுத்த முறை பெரிய துண்டாக விழும். ஊராட்சி ஒன்றியப் பள்ளிக் கட்டடம் ஒன்றியத்தின் பொறுப்பு, அதனால் கடிதம் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு. ஐப்பசி மழைக்கு முன் மின் சுவிட்சுப் பலகையையும் ஒரு மின்பணியாளரை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

சாப்பாட்டில் சுவையை மட்டும் பார்க்காமல் எடையையும் பாருங்கள். காலை உணவுக்கு ஒரு பிள்ளைக்கு 50 கிராம் ரவையோ அரிசியோ, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு. அன்றைக்கு 52 பேர் வந்திருந்தால் 2 கிலோ 600 கிராம் ரவை, 780 கிராம் பருப்பு. மதியத்துக்கு 100 கிராம் அரிசி வீதம் 5 கிலோ 200. தராசு இருக்கிறதா, அளந்து எடுக்கிறார்களா, அல்லது படியில் குத்துமதிப்பா? சமையல் அக்காக்களைக் குற்றவாளியாக நிறுத்தாமல் கேளுங்கள். பல இடங்களில் தராசு பழுதாகிக் கிடப்பதுதான் காரணமாக இருக்கும். சாம்பார் தண்ணீராக இருந்தால் பருப்பு குறைந்தது என்று உடனே முடிவு கட்டவும் வேண்டாம். உவர் தண்ணீரில் பருப்பு வேகாது, அடியில் கல்லாய்க் கிடக்கும். சமையலுக்கு நல்ல தண்ணீர் தனியாகப் பிடித்து வைத்தாலே அது தீர்ந்துவிடும்.

---

கரையோரத்தாய்

இருவருக்கும் நன்றி. 3 மணிக்குப் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

இன்னும் இரண்டு கேள்வி. பாசி எடுக்கிற நாள்களில் நாலைந்து பிள்ளைகள், பெரும்பாலும் 4, 5-ம் வகுப்புப் பெண் பிள்ளைகள், வருவதில்லை. டீச்சர் கேட்டால் காய்ச்சல் என்கிறார்கள். இதை எப்படிப் பேசுவது? இன்னொன்று, கடலில் அப்பா இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டுவிட்ட வீட்டுப் பிள்ளை வகுப்பில் பேசுவதையே நிறுத்திவிட்டால் பள்ளி என்ன செய்ய வேண்டும்?

---

நெய்தல்நிலம்

வருகைப் பதிவேட்டை நாள்காட்டியோடு வைத்துப் பாருங்கள். கடந்த மூன்று மாதம் யார் யார் எந்தத் தேதியில் வரவில்லை என்று தினசரிக் காலண்டரில் புள்ளி வையுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் வற்றும் நாள்களில் புள்ளிகள் குவிந்தால் அது காய்ச்சல் இல்லை. அம்மா இருட்டோடு கிளம்பிவிடுகிறார், கைக்குழந்தையைப் பார்க்க அக்காள்காரி வீட்டில் நிற்கிறாள். மாதத்துக்கு 4 நாள் என்பது சின்ன எண்ணாகத் தெரியும். பத்து மாதத்துக்கு 40 நாள். தொடக்கப்பள்ளிக்குச் சட்டம் சொல்லும் வேலைநாளே 200 தான். ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது, அதுவும் வாரத்தில் தொடர்ந்தாற்போல். கழித்தல் தொடங்கிய வாரத்தில் நாலு நாள் போனால் அந்தப் பிள்ளைக்குக் கழித்தலே போய்விடும்.

அம்மாவைக் கூப்பிட்டுக் கண்டிப்பதால் எதுவும் மாறாது. அன்றைய வருமானத்தை அவரால் விட முடியாது. மாற்ற வேண்டியது கைக்குழந்தை ஏற்பாடு. அங்கன்வாடி திறக்கும் நேரத்துக்கும் அம்மா கிளம்பும் நேரத்துக்கும் நடுவில் இரண்டு மூன்று மணி நேர இடைவெளி. அந்த இடைவெளிக்குத்தான் பெண் பிள்ளை பள்ளியை இழக்கிறாள். பாசிக்குப் போகாத வீட்டுப் பாட்டிமார் இருவர், அந்த நாள்களில் மட்டும், அங்கன்வாடி அருகில் ஒரே இடத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள மகளிர் குழு வழியாகப் பேசுங்கள். மாதத்தின் நீர் வற்றும் தேதிகளைத் தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே கொடுங்கள். அந்த நாள்களில் புதிய பாடம் தொடங்காமல் பழையதைத் திருப்பிப் படிக்கும்படி அவரே திட்டம் போட்டுக்கொள்வார். வராத பிள்ளை திரும்பி வரும் நாளில் முதல் 15 நிமிடம் இன்னொரு பிள்ளையோடு உட்கார வைத்து விட்டதைச் சொல்லவைக்கலாம். "ஏன் வரல?" என்று எல்லார் முன்னாலும் நிற்க வைத்துக் கேட்டால் அடுத்த மாதம் ஐந்தாவது நாளும் போகும்.

ஜூன் மாதத்தையும் கவனியுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம். பள்ளி திறக்கிற நேரமும் வீட்டில் கையிருப்பு வற்றுகிற நேரமும் ஒன்றாக வருகிறது. நோட்டு, சீருடை, காலணி அரசு தருவதுதான். வந்துசேரத் தாமதமானால் பழைய உடையில் வரும் பிள்ளையை யாரும் எதுவும் சொல்லக்கூடாது என்று முதல் நாளே கூட்டத்தில் பேசி வைத்துவிடுங்கள்.

அப்பா பிடிபட்ட பிள்ளை பற்றி. வகுப்பில் அந்தச் செய்தியைப் பேசக்கூடாது, நல்ல எண்ணத்தில்கூட. "பாவம்" என்ற சொல் அந்தப் பிள்ளையைத் தனியாக நிறுத்திவிடும். ஆசிரியர் தனியாக ஒரே ஒரு முறை, "விவரம் தெரியும்டா, பேசணும்னு தோணினா என்கிட்ட வா" என்று சொன்னால் போதும். தோண்டிக் கேட்க வேண்டாம், "அடுத்த வாரம் வந்திருவார்" என்று தெரியாத தேதியையும் சொல்ல வேண்டாம். அந்த வாரம் தவறினால் பிள்ளை பள்ளியையும் நம்பாது. வழக்கமான வேலை வழக்கமாக நடக்கட்டும்: மணியடிக்கும் பொறுப்பு அவனுடையது என்றால் அதை அவனிடமிருந்து எடுக்காதீர்கள். அன்றாட ஒழுங்குதான் அவனுக்குத் தரை.

கவனிக்க வேண்டியவை: காரணமில்லாத வயிற்றுவலி, படுக்கையில் சிறுநீர் போவது திரும்பத் தொடங்குவது, சாப்பாட்டை மிச்சம் வைப்பது, சின்னச் சத்தத்துக்குத் துள்ளுவது, விளையாட்டு நேரத்தில் சுவரோரம் நிற்பது. முதல் சில நாள் இருந்தால் இயல்பு. இரண்டு வாரத்துக்கு மேல் குறையாமல் இருந்தால் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் சொல்லுங்கள், அல்லது 14416 என்ற மனநல உதவி எண்ணில் அம்மாவே பேசலாம், தமிழில் பேசுவார்கள். அந்த வீட்டில் அம்மாவும் உடைந்திருப்பார், அவரையும் விசாரியுங்கள்.

அடி பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ம் பிரிவு உடலில் அடிப்பதை மட்டுமல்ல, மனதை நோகடிப்பதையும் தடுக்கிறது. "மீனு நாத்தம்" என்று ஒரு பிள்ளையைச் சொல்வதும் அதில் அடங்கும். பிள்ளையிடம் "டீச்சர் அடிப்பாங்களா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் வரும். "தப்பா எழுதினா அப்புறம் என்ன நடக்கும்?" என்று கேளுங்கள். "மறுபடி எழுதச் சொல்வாங்க" என்று சாதாரணமாகச் சொன்னால் நல்ல வகுப்பு. பதிலுக்கு முன் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்தால் இன்னொரு நாள் தனியாகக் கேளுங்கள். பிள்ளைகள் தங்கள் குறையை எழுதிப் போடும் 'மாணவர் மனசு' பெட்டி எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். தலைமை ஆசிரியர் மேசைக்கு எதிரே இருந்தால் யாரும் போடமாட்டார்கள். அவசரம் என்றால் 1098, பள்ளி சம்பந்தமான எதற்கும் 14417. இரண்டையும் பிள்ளை கண்ணுயரத்தில் சுவரில் எழுதி வைக்கலாம்.

---

தெற்குக்கரை

எல்லாம் சரி, ஒரு மறுப்பு உண்டு. கரும்பலகை சொன்ன வாசிப்புச் சோதனையைப் பெற்றோர் தாங்களாகப் பள்ளிக்குள் போய் நடத்தினால் ஆசிரியர்கள் அதைச் சோதனைப் படையெடுப்பாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். இரண்டு பேர் ஐந்து வகுப்பைச் சுமக்கும் இடத்தில் அது நியாயமும் இல்லை. தலைமை ஆசிரியரோடு சேர்ந்து செய்யுங்கள்.

சட்டப்படி உங்களுக்கு இடம் இருக்கிறது. 21-ம் பிரிவில் பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பது, மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது, வளர்ச்சித் திட்டம் போடுவது மூன்றும் மேலாண்மைக் குழுவின் வேலை. குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். 24-ம் பிரிவில் பெற்றோரைத் தவறாமல் சந்தித்துப் பிள்ளையின் வருகையையும் கற்றலையும் சொல்வது ஆசிரியரின் கடமை என்றே இருக்கிறது. ஆகவே "என் பிள்ளை எந்தப் படியில் இருக்கிறது?" என்பது தயவாகக் கேட்கும் கேள்வி இல்லை, உரிமை. கேட்கும் விதம் மட்டும் தன்மையாக இருக்கட்டும்.

பணம்: 31 முதல் 100 பிள்ளை வரை உள்ள பள்ளிக்கு ஒருங்கிணைந்த பள்ளி மானியம் ஆண்டுக்கு ரூ.25,000 என்பது ஒன்றிய அரசின் சமக்ர சிக்ஷா திட்ட விதி. அதில் பத்தில் ஒரு பங்காவது, அதாவது ரூ.2,500, தூய்மைக்கு. நூலகத்துக்கும் விளையாட்டுக்கும் தனித்தனியே ரூ.5,000 வரை. வந்துசேரும் மாதம் ஆண்டுக்கு ஆண்டு மாறும், அதனால் முதலில் "இந்த ஆண்டு வந்ததா, எந்தத் தேதியில், எவ்வளவு?" என்று கேளுங்கள். உப்புக்காற்று சொன்ன ஐந்து திருகுக் குழாய் இந்தத் தூய்மைப் பங்கில் அடங்கிவிடும். கூட்டத்தில் வாய்ச்சொல்லாக விடாதீர்கள். என்ன வேலை, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்று மூன்றும் தீர்மானப் புத்தகத்தில் எழுதியபிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வேண்டாம்.

இன்னொன்று யாரும் சொல்லவில்லை. 58 என்ற எண். சட்ட அட்டவணைப்படி 60 பிள்ளை வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3 ஆசிரியர். உங்கள் பள்ளிக்கு மூன்றாவது ஆசிரியர் கேட்க 3 பிள்ளைகள்தான் குறை. ஆசிரியர் பணியிடக் கணக்கு ஆகஸ்ட் 1 நிலவரப்படி எடுக்கிறார்கள். வேனில் போகிற பிள்ளைகளில் மூவர் ஜூலைக்குள் திரும்பினால் கணக்கு மாறும். பணியிடம் தானாக வந்து நிற்காது. ஆகஸ்டிலேயே மேலாண்மைக் குழுத் தீர்மானத்தோடு வட்டாரக் கல்வி அலுவலரிடம் மனு கொடுத்துவிடுங்கள்.

---

கரும்பலகை

தெற்குக்கரை சொல்வதை ஏற்கிறேன். தலைமை ஆசிரியரோடு சேர்ந்து செய்வதுதான் சரி. இரண்டு திருத்தம் மட்டும். சோதிக்கும்போது அந்த வகுப்பு ஆசிரியரே பக்கத்தில் உட்கார வேண்டாம், பிள்ளை எழுத்தைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்துப் படிக்கும். பெயர்ப்பட்டியலைச் சுவரில் ஒட்டவும் வேண்டாம். கூட்டத்தில் எண் மட்டும் சொல்லுங்கள், பிள்ளையின் படியை அதன் அம்மாவிடம் தனியாகச் சொல்லுங்கள்.

படிக்காத பிள்ளை என்று முடிவு கட்டும் முன் கண்ணைப் பார்த்துவிடுங்கள். 6 மீட்டர் கயிறு, பார்வை அட்டை, வெளிச்சமான இடம். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூட வேண்டும், விரலால் மூடினால் இடுக்கில் பார்க்கும். பலகையைப் பார்த்து எழுதாமல் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதுகிறவன் பலமுறை பார்வைக் குறைவு உள்ளவன்தான். காதில் சீழ் வடிகிறதா என்றும் கேளுங்கள். காது மந்தமானால் 'தம்'மும் 'தன்'னும் அவனுக்கு ஒன்றுதான், சொல்வதெழுதுதலில் அது தெரியும்.

வேன் பற்றி ஒரு சொல். 3-ம் வகுப்பில் தமிழ்ப் பத்தி வராத பிள்ளையை ஆங்கில வழிக்கு மாற்றினால் அது பார்த்து எழுதும் பிள்ளையாகத்தான் ஆகும். கொம்பும் காலும் தெளிவாக்க மூன்று மாதம், தினம் 30 நிமிடம் போதும். அதை முடித்துவிட்டு எந்தப் பள்ளிக்கு வேண்டுமானாலும் போகட்டும். ஆனால் அதற்குள் உங்கள் பள்ளியிலேயே இருக்கத் தோன்றிவிடும் என்று நம்புகிறேன்.

---

கரையோரத்தாய்

தலைமை ஆசிரியரிடம் இன்று பேசினேன். சம்மதம் சொல்லிவிட்டார். 4, 5-ல் தொடங்கலாம் என்கிறார். மொத்தம் 23 பிள்ளை. ஒரே நாளில் முடிக்கலாமா?

---

கரும்பலகை

வேண்டாம் அக்கா. 23 பிள்ளைக்கு 7 நிமிடம் என்றால் 161 நிமிடம், கடைசிப் பத்துப் பேரிடம் நீங்களும் களைத்துப்போவீர்கள், முதலில் வந்தவர்கள் வெளியே போய்ப் பத்தியைச் சொல்லிக்கொடுத்தும் விடுவார்கள். ஒரு நாளைக்கு 8 பேர், காலை 10 மணிக்கு மேல், மூன்று நாள். ஒவ்வொரு நாளுக்கும் வேறு பத்தி எழுதிக்கொள்ளுங்கள், அதே அளவில், அதே மாதிரி இரண்டு கேள்வியோடு. தேதி குறிக்கும்முன் காலண்டரில் நீர் வற்றும் நாள் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டிய அந்த நாலைந்து பெண் பிள்ளைகள் அன்றைக்கு வந்திருக்க வேண்டும்.